என் பேரில்

கார்த்திகை மழையில்
கோத்தகிரி மலைப்பாதை வளைவொன்றில்
மண் சரிந்து ஷிப்ட் ஜீப்பை மூடிய இரவு
நான் செத்துப்போனேன்.

பாக்டரி வருகைப் பதிவில் என் பேர்.
டோக்கன் நூற்றுப்பதினாலு.
தோண்டியெடுத்த உடம்பின்மேல்
என் சாம்பல்நிற ஸ்வெட்டர்.
போலீஸ்காரர் வீட்டுக்குப் போன் செய்தார்.
"ஞானாபரணம் வீடுங்களா?"
"ஆமாம்."
"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

காய்ச்சலோடு கம்பளிக்குள் கிடந்த நான்
அந்தக் கேள்விக்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.

போனவன் பொன்னுரங்கம்.
மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு
ஓவர்டைம் தேடிக்கொண்டிருந்தான்.
எனக்கு நூற்றிரண்டு டிகிரி.
"உன் பேர்லயே போட்டுக்கட்டும்,
காசை அப்புறம் குடு" என்றான்.
குளிருமே என்று ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன்.
எங்களுக்குள் நடந்த உடன்படிக்கை
அவ்வளவுதான்.

பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனை.
ஆயர் நான்காம் வார்த்தைக்கு வந்திருந்தார்.
"நமக்காக மரித்தார்" என்றபோது
முன்வரிசையில் கைக்குட்டைகள் எழுந்தன.
எனக்கு அழுகை வரவில்லை, வியர்த்தது.
நாற்பது வருஷமாய்ச் சொல்லி வந்த வாக்கியம்
ஈரமண்ணாய் என் மார்பில் இறங்கியது.

ஆயர் பரபாசைத் தாண்டிப் போய்விட்டார்.
என்னால் முடியவில்லை.
விலங்கு கழன்ற கையோடு அந்த மத்தியானம்
எங்கே போயிருப்பான்?
வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்டிருப்பானா?
நடுமரம் யார் அளவுக்கு வெட்டியது என்று தெரிந்து
கூரையேறிப் பார்த்திருப்பானா?
மூன்று மணிக்கு இருட்டு விலகினதும்
முதலில் என்ன செய்தான்?
வேதத்தில் இல்லை.
அந்த இல்லாத வசனத்தில்தான்
ஐந்து மாதமாய்க் குடியிருக்கிறேன்.

பொன்னுரங்கத்தை நான் சிலுவையில் ஏற்ற மாட்டேன்.
அவன் எனக்காகச் சாகவில்லை.
மகளுக்காக வேலைக்குப் போனான்,
போகிற வழியில் இறந்தான்.
அவன் சாவு அவனுடையது.
அதையும் என் கணக்கில் எழுதினால்
பதிவேட்டில் சொன்ன பொய்யை
மறுபடி சொன்னவனாவேன்.

மற்றவர் அப்படியல்ல.
அவருக்கு மழை தெரியும், வளைவு தெரியும்,
எந்த டோக்கன், எந்த ஆள் என்று தெரியும்.
கெத்செமனேயில் ஒருதரம்
இறங்கிவிடலாமா என்று கேட்டார்.
பிறகு ஏறிக்கொண்டார்.
தெரிந்தே ஏறினவரை என்ன செய்வது?
தெரியாமல் போனவன் வீட்டுக்காவது
அரிசி வாங்கிக் கொடுக்கலாம்.

வெளியே வந்தால்
கேட்டருகே செல்வமணி, அவன் மனைவி.
கொழுந்துக் காலம், அவளுக்கு லீவு இல்லை.
கூடையை மதிலோரம் சாய்த்துவிட்டு
மஞ்சள் துணிப்பையை நீட்டினாள்.
ஆஸ்பத்திரியில் கத்தரித்த கையை
அரக்குநிற உல்லனில் தைத்திருந்தாள்.
சாம்பல்நிறம் கடையில் இல்லையாம்.
"மண்ணு போக நாலு தண்ணி ஆச்சு.
உங்களுதுதானே. போட்டுக்குங்க, குளிருதில்ல."

தையலில்லாத அங்கிக்குச்
சீட்டுப் போட ஆளிருந்தது.

வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன்.
பணம் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.
ஏதாவது கொடுத்து நேர்செய்துவிட
உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை துடித்தான்.
அவள் பையை நீட்டியபடியே நின்றாள்.

விசுவாசப்பிரமாணத்தை
ஞாயிறு தவறாமல் எழுந்து நின்று சொல்கிறவன் நான்.
சும்மா வாங்கிக்கொள்வது
இவ்வளவு கனக்கும் என்று
யாரும் சொன்னதில்லை.

லாங்வுட் சோலைப் பக்கமிருந்து பனி ஏறியது.
மாட்டிக்கொண்டேன்.
வலக்கை சுலபமாய் நுழைந்தது.
இடது முழங்கையருகே
அந்தத் தையல் தடித்து நின்று
உறுத்துகிறது.

அவள் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி
இறங்கிப் போனாள்.
எதற்கென்று தெரியாமல்
நானும் கொஞ்ச தூரம்
பின்னால் நடந்தேன்.